அடிநாதத்தின் இரு குரல்கள்

"தம்பி, கிட்டாரு பேட்டரி போட்டதா, சும்மாவா?"

"பேட்டரி இருக்குண்ணே."

"அப்பக் கொறச்சே வச்சுக்கிறேன்."

தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ தேவாலயத் திருவிழாவுக்கு மேடை போட்டு, லைட் மியூசிக் குழு ஒயர்களைச் செருகிக்கொண்டிருக்கும் அந்திப் பொழுதில், மைக்செட் அண்ணனுக்கும் பேஸ் கிட்டார் வாசிக்கும் பையனுக்கும் நடுவே இந்தப் பேச்சு நடக்கும். ராமநாதபுரம் பக்கத்து முளைப்பாரித் திருவிழாக்களிலும் இதே பேச்சுதான். பேட்டரி போட்டது ஆக்டிவ். சும்மா இருப்பது பாஸிவ். பேட்டரி இருந்தால் சத்தம் கூடுதலாக வரும், ஆகவே மிக்சரில் முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. அந்தக் கணக்கில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் பேஸ் கிட்டாரின் நயமே ஒளிந்திருக்கிறது.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. பேஸ் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்களே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். பல ஆம்ப்ளிஃபயர்களின் முகப்பில் கிட்டாரைச் செருக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று பாஸிவுக்கு, ஒன்று ஆக்டிவுக்கு. சிலவற்றில் ஒரே துளையும் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தானும் இருக்கும். ஆக்டிவ் என்று எழுதிய துளையில் செருகினால் உள்ளே வரும் சமிக்ஞையை அது 10 முதல் 15 டெசிபெல் வரை தட்டிக் குறைத்துவிடும். 10 டெசிபெல் என்றால் வோல்ட் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. 15 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. பேட்டரி போட்ட கிட்டார் இவ்வளவு பலத்தோடு வரக்கூடும் என்ற எச்சரிக்கைதான் அந்தத் துளை. வரக்கூடும் என்பதுதான் செய்தி. கட்டாயம் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை.

பலம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். தந்திக்குக் கீழே, விரல் மீட்டும் இடத்துக்குச் சற்றுப் பக்கத்தில், கறுப்பு மூடிக்குள் உட்கார்ந்திருக்கிறது பிக்கப். உள்ளே காந்தத் தண்டுகள். அவற்றைச் சுற்றி ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு பருமனே உள்ள செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது. அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. பாஸிவ் பிக்கப் என்றால் இவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு துளி மின்சாரமும் வாங்குவதில்லை. விரலின் உழைப்பே மின்சாரமாகிறது. மெல்ல மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. ஓங்கி மீட்டினால் உச்சத்தில் ஒரு வோல்ட் அளவுக்குக்கூட எழும்பும். ஒரு மனிதனின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் செய்கிற மின்சாரம் இது. நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

சுற்றுகளைக் கூட்டினால் பலம் கூடும். பலம் கூடும்போது மேல்ஒலியின் பளபளப்பு மங்கும், கம்பிக்குள் எதிர்ப்பும் கூடும். இந்தப் பேரத்தை எந்த இடத்தில் முடிப்பது என்பதுதான் பிக்கப் சுற்றுகிறவரின் ஞானம். லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார். 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, இரண்டு தந்திக்கு ஒன்றாக மேலும் கீழுமாகத் தள்ளி வைத்தார். 1960-ல் இரண்டு பிக்கப்கள் கொண்ட ஜாஸ் பேஸ் வந்தது. இன்று நம் மேடைகளில் பார்க்கும் பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை, எந்தக் கம்பெனிப் பெயர் போட்டிருந்தாலும், இந்த இரண்டின் வம்சம்தான்.

ஆக்டிவ் என்ற பெயருக்குள் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, பிக்கப் பாஸிவாகவே இருக்கும். கிட்டாரின் வயிற்றுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ப்ரீஆம்ப், அதாவது சமிக்ஞையை முன்கூட்டியே தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபயர், இருக்கும். 1976-ல் மியூசிக் மேன் கம்பெனியிலிருந்து வந்த ஸ்டிங்ரே பேஸ் இதற்குப் பேர்போனது. அதற்கும் முன்பே, 1970-களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் அலெம்பிக் பட்டறை இந்தப் பாதையைத் திறந்துவிட்டது. இரண்டாவது, பிக்கப்பே ஆக்டிவ்: மூடிக்குள்ளேயே ப்ரீஆம்ப். இ.எம்.ஜி. நிறுவனத்தின் பிக்கப்கள் இந்த வகை. அந்த நிறுவனத்தின் தொடக்கமும் 1976 தான். (அதே வருஷம் மே மாதத்தில்தான் 'அன்னக்கிளி' வந்தது. தமிழ்ப் பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனிக் குரலாகப் பேசவைத்த இளையராஜாவின் முதல் படமும், பேட்டரி வைத்துப் பேர்போன ஸ்டிங்ரேயும் ஒரே வருஷத்தில் அமைந்ததை எண்ணி நான் சந்தோஷப்படுவதுண்டு.)

இப்போது அண்ணனின் கணக்குக்கு வருவோம். மூடிக்குள் ப்ரீஆம்ப் வைத்த ஆக்டிவ் பிக்கப்பில் கம்பிச் சுற்றுகள் குறைவு. காந்தமும் அவ்வளவு வலுவானதில்லை. அதில் பிறக்கிற சமிக்ஞை, பாஸிவ் பிக்கப்பில் பிறப்பதைவிட மெலிந்தது. அப்படி வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். மெலிந்த சுருளுக்குள் இரைச்சல் குறைவு, கேட்கும் ஒலியின் அகலம் அதிகம். பிறகு ப்ரீஆம்ப் அதைத் தூக்கிப் பாஸிவ் அளவுக்குக் கொண்டுவருகிறது. சில மாடல்களில் அதைவிடச் சற்று மேலே. திருகுகளையெல்லாம் நடுவில் வைத்து வாசித்தால், பல ஆக்டிவ் கிட்டார்களும் பாஸிவ் கிட்டார்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில்தான் வெளியே வரும். பிக்கப்பின் இரு பக்கத் திருகாணியைத் தளர்த்தித் தந்திக்கு நெருக்கமாக ஏற்றி வைத்த பாஸிவ், ஆக்டிவை மிஞ்சவும் செய்யும். பாஸிவின் காந்தம் வலுவானது என்பதால் அதை ரொம்பவும் நெருக்கக் கூடாது. காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து, சுருதியே தள்ளாடத் தொடங்கிவிடும்.

வித்தியாசம் வெடிப்பது பேஸ் திருகைத் தூக்கும்போது. ஆக்டிவ் கிட்டாரில் ப்ரீஆம்ப் இருப்பதால் கீழ்ஒலியைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். பாஸிவில் குறைக்க மட்டுமே முடியும். இல்லாததைச் சேர்க்க அதனிடம் மின்சாரம் இல்லை. ஆக்டிவின் பேஸ் திருகை 12 டெசிபெல் ஏற்றினால் கீழ்ஒலி நான்கு மடங்கு வோல்ட்டாக வெளியே வரும். அண்ணன் பயப்படுவது இதற்குத்தான், அது நியாயமான பயம். ஏனென்றால் நான்கு மடங்கு வோல்ட் என்பது ஸ்பீக்கர் பக்கம் போகும்போது பதினாறு மடங்கு வாட்ஸ். மேடைக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரும், 18 இஞ்ச் பாக்ஸ்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரும் பதினாறு மடங்குக்குத் தயாராக நிற்பதில்லை. பையன் ஒரு திருகைத் திருப்பினான், பாட்டு முழுவதும் கரகரத்துவிட்டது என்பார்கள். கரகரத்தது கிட்டார் இல்லை, கடைசியில் நிற்கும் ஆம்ப்ளிஃபயர்.

ஆக்டிவுக்கும் ஒரு கூரை உண்டு. 9 வோல்ட் பேட்டரி என்றால் அலையின் மேல் உச்சியும் கீழ் உச்சியும் சேர்ந்து அந்த 9 வோல்ட்டுக்குள் அடங்கியாக வேண்டும். கட்டை விரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் ஸ்லாப் வாசிப்பில் அந்தக் கூரையில் தலை இடிக்கும். அலையின் முடி தட்டையாகும். இதற்காக இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் இரண்டு மடங்காகும் என்று எண்ணிச் செய்தால் ஏமாற்றம்தான். சத்தம் அப்படியே இருக்கும். கூரை மட்டும் உயரும். அடியின் முதல் நொடித்துளி நசுங்காமல் முழுசாக வரும். காது தேர்ந்தவர்கள் அந்த முழுமையை உடனே உணர்வார்கள்.

ஆக, வோல்ட் அளவை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் கதையின் பெரும்பகுதி தவறிப்போகும். பலம் எவ்வளவு என்பதைவிட, அந்தப் பலம் போய்ச்சேரும் இடம்வரை தாங்குமா என்பதுதான் பெரிய கேள்வி. ராமேஸ்வரம் தீவில் கடலை ஒட்டிய மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஊறி வரும் வேகம் குறைவு. சிரட்டையால் பொறுமையாக முகந்தால் நீர் மட்டம் இறங்குவதில்லை, தெளிவும் கெடுவதில்லை. வாளியை அமிழ்த்தி அள்ளினால் மட்டம் விழும், கலங்கும். பாஸிவ் பிக்கப் அந்த ஊற்று. இம்பீடன்ஸ் என்று எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் சொல்வது ஊறும் தடையைத்தான். பேஸ் ஆம்ப்ளிஃபயரின் வாசல் பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கும். சிரட்டையால் முகப்பதுபோல மிகக் கொஞ்சமாகவே எடுத்துக்கொள்ளும். மிக்சரின் லைன் வாசலோ பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்; அது வாளி. பாஸிவ் கிட்டாரை நேராக அதில் செருகினால் சத்தம் சரியும், சத்தத்துக்கு முன்பே மேல்ஒலியின் உயிர் போய்விடும். ஆக்டிவ் கிட்டார் ஊற்றுக்குப் பக்கத்திலேயே தொட்டி கட்டியதுபோல; ப்ரீஆம்ப் சிரட்டையால் முகந்து தொட்டியில் நிரப்புகிறது, வாளி எத்தனை வந்தாலும் தொட்டி கொடுக்கிறது.

நம் ஊர் மேடையில் பேட்டரி கிட்டார் சத்தம் கூடுதல் என்று எல்லாரும் உறுதியாகச் சொல்வதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். கிட்டாரை நேராக மிக்சரில் செருகும் வழக்கம் இங்கே உண்டு. வாளியில் பாஸிவ் தோற்கும், ஆக்டிவ் ஜெயிக்கும். உரிய வாசலில் செருகிப் பார்த்தால் இரண்டும் சமமாக நிற்கும்.

ஒயரின் நீளமும் இதே கணக்கில் வரும். கிட்டார் ஒயர் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கப்பாசிட்டர்போல மின்சாரத்தைத் தன்னிடம் பிடித்துவைக்கும். மேடையிலேயே ஆம்ப்ளிஃபயர் இருந்து ஆறு மீட்டர் ஒயர் என்றால் பாஸிவ் கிட்டாருக்கு அது பழகிய துணை; அந்தச் சிறு இழப்பும் சேர்ந்ததுதான் நாம் விரும்பும் அதன் குரல். மிக்சர் கூட்டத்துக்கு நடுவே முப்பது மீட்டர் தள்ளி இருந்து, அதே ஒயரை நீட்டிக்கொண்டு போனால் குரலின் மேல்பக்கம் முழுக்க மூடிக்கொள்ளும். ஆக்டிவ் இந்தத் தூரத்தைப் பொருட்படுத்தாது.

இவ்வளவும் இயந்திரத்தின் பக்கம். காதின் பக்கம் வருவோம், எனக்குப் பிடித்த பக்கம்.

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளைத் திறந்தபடி மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். அவற்றில் 55 ஹெர்ட்ஸ் தந்தியின் மூன்றாம் கட்டில் (ஃப்ரெட்டில்) விரல் வைத்து ஒரே ஒரு சுரத்தை மீட்டுங்கள், 65 ஹெர்ட்ஸ். பாஸிவ் பிரிசிஷன் பேஸில் முதலில் கேட்பது சுரம் இல்லை, விரலின் சதை தந்தியைவிட்டு நழுவும் ஒரு சின்ன 'டொப்'. அதன் தோளில் ஏறிக்கொண்டு சுரம் வருகிறது. வந்த நொடியிலேயே முழுசாக நிற்பதில்லை. ஒரு கணம் தள்ளி நெஞ்சு நிறைகிறது. பிறகு மேலே இருக்கும் நுண்ணொலிகள் ஒவ்வொன்றாக விலக, அடிநாதம் மட்டும் உருண்டையாக மிஞ்சி, மெல்லத் தேய்கிறது. டோன் திருகைப் பாதி மூடினால் அந்த 'டொப்' மரத்தில் பட்டதுபோல ஆகும். முழுக்க மூடினால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

மிருதங்கத்தின் பேச்சை இந்த மண்ணில் எடுக்காமல் இருக்க முடியாது. மிருதங்க வித்வான் ராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதியின் ஊர் இது. அவருடைய பழைய பதிவுகளைக் கேட்பவர்கள் வலந்தலையின் கணீரைப் பாராட்டிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இடக்கை தொப்பியில் செய்கிற வேலையைத் தொடர்ந்து கேட்க வேண்டும். கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கொஞ்சம் கூடினால் ஒலி மந்தமாகும், குறைந்தால் வெறும் தோலின் சத்தம் வரும். அந்தச் சரியான அளவில், உள்ளங்கையின் அடிப்பாகம் அழுத்தி நகரும்போது எழும் கும்கியைக் கேட்டுப் பழகிய காதுக்கு, பாஸிவ் பேஸின் குரல் அந்நியமாகத் தோன்றாது. இரண்டிலும் கைக்கும் ஒலிக்கும் நடுவே வேறு யாரும் இல்லை.

அதே 65 ஹெர்ட்ஸ் சுரத்தை ஆக்டிவில் மீட்டினால் வேறு அனுபவம். 'டொப்'புக்குப் பதிலாக ஒரு கூர்மை. கட்டின் உலோகத்தில் தந்தி உரசும் சின்ன மினுக்கம், விரல் இடம் மாறும்போது எழும் கீச்சு, நகம் பட்டால் நகம், எல்லாம் தெரியும். சுரம் பிறந்த நொடியிலேயே முழு உயரத்தில் நிற்கும், கடைசிவரை விளிம்பு கலையாது. ஐந்தாவது தந்தி வைத்த பேஸில் 31 ஹெர்ட்ஸ்வரை இறங்கும்போது இதன் அருமை தெரியும். பல பாஸிவ் கிட்டார்களில் குழம்பிப்போகும் அந்த ஆழத்தில், ஆக்டிவில் சுரம் எது என்று காது தயங்காமல் சொல்லும். இன்றைய வேகப் பாட்டுகளில் கிக் டிரம்மோடு பேஸ் ஒரே அடியில் விழ வேண்டிய இடங்களில் இந்தக் கூர்மை கைகொடுக்கும்.

வால்யூம் திருகில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆக்டிவில் சத்தத்தைக் குறைத்தால் சத்தம் மட்டும் குறையும். குரலின் நிறம் மாறாது. பாஸிவில் 250 ஆயிரம் ஓம் திருகு, ஒயரோடு சேர்ந்து மேல்ஒலியையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். சத்தம் குறையும்போது குரல் கனிந்தும்போகும். இதைக் குறை என்று புத்தகங்கள் சொல்லும். தேர்ந்த வாசிப்பாளர் இதையே பயன்படுத்துவார்: பல்லவியில் திருகைச் சற்று இறக்கி வைத்துப் பாடகருக்குக் கீழே பாய் விரிப்பார், இடையிசையில் முழுக்கத் திறந்து எழுந்து நிற்பார். சுண்டுவிரல் ஒரு முறை நகர்ந்தால் போதும். ஜாஸ் பேஸில் பின்னால் இருக்கும் பிக்கப்பை மட்டும் திறந்தால் மூக்கால் உறுமும் ஒரு குரல் கிடைக்கும். இரண்டையும் சமமாகத் திறந்தால் நடுஒலி உள்வாங்கி, ஓரங்கள் மின்னும். மூன்று திருகு, ஒரு கப்பாசிட்டர், ஒரு ஜாக். இவ்வளவு குறைந்த சாமானில் இத்தனை நிறங்கள்.

அமெரிக்காவின் மோட்டவுன் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ம் வருஷத்துப் பிரிசிஷன் பேஸ் ஒன்றைத்தான் பெரும்பாலும் வாசித்தார். பாஸிவ். வழவழப்பான ஃப்ளாட் தந்திகள். அவற்றை மாற்றுவதே இல்லை. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். அந்த ஒரு விரலில் எத்தனை அழுத்த பேதங்கள் என்று கேட்கக் கேட்கப் புதிதாகத் தெரியும். நம் பக்கத்தில் இளையராஜா பேஸ் வரிகளைச் சுரம் சுரமாக எழுதிக் கொடுப்பவர். அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். இளையராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி'யில் (1980) கே. ஜே. யேசுதாஸ் பாடும் கிட்டார் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை முழுக்கக் கேளுங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பேஸ் பேசுகிறது. பாடகர் நீட்டும் இடத்தில் அது நடக்கிறது. ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்க வேண்டும் என்பதைப்போலவே எங்கே நிற்க வேண்டும் என்பதும் எழுதியதுபோல இருக்கிறது. ரகுமானின் பதிவுகளில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பையும் இப்படியே தனியாகப் பிரித்துக் கேட்கலாம். இவர்களைக் கேட்ட பிறகு ஆக்டிவா பாஸிவா என்ற கேள்வி விரலுக்கு அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

ஆனாலும் மேடை என்று வந்துவிட்டால் கேள்வி திரும்பிவிடும். அதுவும் இந்தக் கடற்கரை மேடை.

ஜெனரேட்டர், ட்யூப்லைட், மரத்துக்கு மரம் சீரியல் செட்: திருவிழா மேடையைச் சுற்றிலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நீச்சலடிக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் அதையும் தந்தி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும், அதுதான் ஹம். பேஸ் கிட்டாருக்கு இதில் ஒரு தனித் துன்பம். தடித்த தந்தியின் மூன்றாம் கட்டில் பிறக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். ஹம்மோ 50. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஒரு முறை வீங்கித் தணியும் ஓர் அலை கேட்கும். சீரியல் செட்டை முழுக்கப் போட்டதும் ஜெனரேட்டரின் வேகம் சற்று இறங்கும். அந்த அலையின் வேகமும் மாறும். பாட்டு நின்ற இடைவெளியில் உற்றுக் கேட்டால், மேடைக்குப் பின்னால் யார் எந்த விளக்கைப் போட்டார்கள் என்பதைக்கூட ஒற்றைச் சுருள் கிட்டார் சொல்லிவிடும்.

1957-ல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டு துண்டாக்கிய விஷயத்தை மேலே சொன்னேன். அந்த இரண்டு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டவை, காந்தங்களும் எதிரெதிர். தந்தியின் ஒலி அப்படியே நிற்கும், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேட்டரி இல்லை, ப்ரீஆம்ப் இல்லை. சுற்றும் திசையை மாற்றியதில் அமைதி கிடைத்துவிட்டது. பிக்கப் வரலாற்றில் இதற்கு இணையான அழகு கொண்ட யோசனை இன்னொன்றை நான் அறியேன். ஜாஸ் பேஸிலும் இரண்டு பிக்கப்களையும் முழுக்கத் திறந்து வைத்தால் இதே பலன் உண்டு. ஒன்றைக் குறைத்ததும் ஹம் தலைகாட்டும். ஆக்டிவ் பிக்கப்கள் உள்ளேயே கவசம் போட்டவை, வெளியே வரும் சமிக்ஞையின் இம்பீடன்ஸும் குறைவு. அவையும் ஹம்முக்கு நன்றாகவே தாங்கும்.

உப்புக்காற்றுக்குத் தாங்குமா என்பது வேறு. வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது. மற்ற இடங்களில் காற்றே உப்பளம். கச்சான் வீசும் மாதங்களில் புதுத் தந்தியின் மினுக்கு சீக்கிரமே மங்கிவிடும். ஜாக்கின் உள்நாக்கு கறுக்கும். திருகைத் திருப்பினால் கரகரக்கும். பாஸிவில் துடைத்துச் சரிசெய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆக்டிவில் கூடுதலாகப் பேட்டரி கிளிப்பில் பச்சைக் களிம்பு ஏறும், ப்ரீஆம்ப் பலகையில் ஈரம் ஏறும். பேட்டரி நன்றாக இருந்தால் பல நூறு மணி நேரம் வரும். ஒயரைச் செருகியதும் அது ஓடத் தொடங்கிவிடும் என்பதை மறந்து, ஒத்திகை முடிந்தும் கழற்றாமல் வைத்தால் அந்தக் கணக்கு வேகமாகக் கரையும். வற்றத் தொடங்கும்போது முதலில் ஓங்கிய அடிகள் மட்டும் கிழிபடும், பிறகு எல்லாம் கிழிபடும், பிறகு ஒன்றும் வராது. பாட்டுக்கு நடுவே, ராத்திரி பதினோரு மணிக்கு, கடைகள் அடைத்த பிறகு. சில கிட்டார்களில் பேட்டரியை விட்டுப் பாஸிவாக வாசிக்க ஒரு சுவிட்ச் இருக்கும். அது இல்லாத ஆக்டிவ் கிட்டாரை மாற்றுப் பேட்டரி இல்லாமல் திருவிழாவுக்குக் கொண்டுவரக் கூடாது.

திறந்தவெளியில் பேஸ் படும் பாடும் உண்டு. சுவர் இல்லாததால் கீழ்ஒலி தங்கிச் சேர வழியில்லை. கூம்பு ஸ்பீக்கரில் அடிநாதம் வருவதே இல்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு என மேலே அடுக்கடுக்காக நிற்கும் ஹார்மோனிக் ஒலிகளில் உயரமானவை மட்டும் வரும். அவற்றை வைத்து மூளை அடிநாதத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஸ்பீக்கரில் மேல்ஒலி தெளிந்த ஆக்டிவ் கிட்டார் முன்னே நிற்கும். 18 இஞ்ச் பாக்ஸ் வைத்த மேடையில் பாஸிவின் கனம் முழுசாக வந்துசேரும்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து தந்தி பேஸ், ஸ்லாப் வாசிப்பு, இன்றைய நடனப் பாட்டு என்றால் ஆக்டிவ், சந்தேகமே இல்லை. நம் மேடைகளில் இன்றும் மக்கள் கேட்டு வாங்கும் எண்பதுகளின் பாட்டுகளுக்கு, இந்த உப்புக்கும் இந்த ஜெனரேட்டருக்கும், இரண்டு துண்டுப் பிக்கப் வைத்த பாஸிவ் பேஸே முதல். அதன் ஒரே பலவீனம், வாளியைக் கண்டால் வற்றுவது. அதற்கு மருந்து கிட்டாருக்கு வெளியிலேயே இருக்கிறது: வாசிப்பவரின் காலடியில் ஓர் ஆக்டிவ் டி.ஐ. பெட்டி. அதன் வாசல் லட்சக்கணக்கான ஓம். மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட்டில் அது ஓடும். அங்கிருந்து மூன்று பின் மைக் ஒயரில் முப்பது, நாற்பது மீட்டர் போனாலும் குரல் மங்காது. ப்ரீஆம்ப் வேண்டும்தான், அது கிட்டாரின் வயிற்றுக்குள் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மைக்செட் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். பேட்டரி போட்டதா என்று மட்டும் கேட்டு கெயினைக் குறைக்காதீர்கள். கச்சேரியிலேயே ஓங்கி வாசிக்கப்போகும் இடத்தை ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு அப்போது கெயினை வையுங்கள். ஆக்டிவாக இருந்தால் பேஸ் திருகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள், தூக்கி வைத்திருந்தால் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு 18 இஞ்ச் பாக்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் டி.ஐ. பெட்டிக்கு ஆவது மிகச் சிறிய பங்குதான். அடுத்த திருவிழா சீசனுக்கு முன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.